கிசெலாவின் மூன்று கல்யாணமும் ஒரே தாளில், கோடு வெட்டாமல்

பதினோராம் நூற்றாண்டு ஜெர்மானிய அரசியான ஸ்வாபியாவின் கிசெலாவுக்குப் போட்டுக்கொண்டிருந்த வம்ச வரைபடம் ஒருவழியாக உட்கார்ந்துவிட்டது. மூன்று கணவர், மூவருக்கும் பிள்ளைகள், ஒரு கோடுகூட இன்னொன்றை வெட்டவில்லை. எந்த மென்பொருளும் இப்படிப் போட்டுத் தரவில்லை என்பதால் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

பெரிய குடைச்சல் மூன்றாவது கணவரான ஜெர்மானிய அரசர் இரண்டாம் கொன்ராடிடம்தான். இருவருமே முதலாம் ஹைன்ரிஷ் அரசரின் வழிவந்தவர்கள். அந்தப் பக்கம் ஓட்டோ, மகள் லியூட்கார்ட், பேரன் ஓட்டோ, அவர் மகன் ஹைன்ரிஷ் என்று இறங்கி ஐந்தாவதாகக் கொன்ராட். இந்தப் பக்கம் கெர்பெர்கா, மட்டில்டா, இன்னொரு கெர்பெர்கா, நான்காவதாகக் கிசெலா. தலைமுறைக்கு ஒரு வரிசை என்று கட்டம் போட்டால் கல்யாணக் கோடு நேராக மாமனார் பெட்டியில் போய் முட்டும். வரிசையை விட்டுவிட்டு, கிசெலாவின் அம்மாவுக்குக் கீழே கோட்டை ஒரு படி நீட்டினேன், சரியாகிவிட்டது.

மற்ற இருவரும் வலது பக்கம். புரூனோ கிசெலாவை ஒட்டி. டியூக் எர்ன்ஸ்டின் கோடு புரூனோவின் தலைக்கு மேலே தாண்டிப் போய், பிள்ளைகள் அதற்கு அப்பால் இறங்குகிறார்கள். யார் முதல் கணவர் என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்தில்லை, நான் புரூனோவை முதலில் வைத்தேன். ஸ்பையர் பேராலயக் கல்லறையில் கிடைத்த ஈயத்தகடு கிசெலா பிறந்தது 999 என்கிறது. ஆனால் 1015இல் எர்ன்ஸ்ட் வேட்டையில் இறந்தபோது அவர்களுக்கு இரண்டு மகன்கள் இருந்தார்களே! அந்த ஆண்டைப் பெட்டியில் எழுத மனம் வரவில்லை.

கையால் போட்டதில் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. கிசெலாவின் தாய்மாமன் மூன்றாம் ருடால்ஃப் பர்கண்டியின் அரசர், வாரிசு இல்லாதவர். அந்தச் சொத்தில் கொன்ராடுக்கு ஒரு கண், டியூக் எர்ன்ஸ்டுக்குப் பிறந்த மூத்த மகன், அப்பா பெயரே கொண்ட எர்ன்ஸ்டுக்கோ அம்மா வழி உரிமை. மாற்றாந்தகப்பனை எதிர்த்துக் கலகம் செய்த அந்த மகன் 1030இல் சண்டையில் மாண்டார். கிசெலா கணவர் பக்கமே நின்றார். பாவம், அவர் நிலைமையை நினைத்தால் எனக்கு இன்னமும் ஆறவில்லை.

இந்த முறை வாங்கிய டிரேசிங் தாள் படுமோசம், மை ஊறுகிறது, அந்தக் கடைப் பக்கம் இனிப் போவதாக இல்லை. நல்ல தாள் கிடைத்தால்தான் மை போடுவேன்.

அதற்குள் கிசெலாவின் சகோதரி மட்டில்டாவைத் தொட்டுவிட்டேன். அவரை மணந்தவர் கொன்ராடின் சித்தப்பா. அவர்கள் மகன்தான் 1024 அரசர் தேர்தலில் கொன்ராடுக்குப் போட்டியாளர். இதற்கு ஏ2 தாள் போதாது.