பன்னிரண்டு கட்டமும் ஒரு பென்சிலும்

சனிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு நான்கு பேர் பகடையோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நாங்கள் ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேஜை விளையாட்டு. நடத்துவது நான். அதற்குள் ஒரு சாகசம் தயார் செய்திருக்க வேண்டும். வேலைக்குப் போய் வருகிறவனுக்கு எல்லாவற்றையும் சொந்தமாக யோசிக்க நேரம் ஏது? வீடியோ கேம்களில் கை வைத்துவிடுவேன்.

கடைசியாகக் கை வைத்தது 2000இல் நின்டெண்டோ 64 கன்சோலுக்கு வந்த செல்டா வரிசை கேமான ‘மஜோராஸ் மாஸ்க்’கில். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நிலா ஊர்மேல் இறங்கிக்கொண்டே இருக்கும். 72 மணி நேரத்தில் விழுந்துவிடும். ஊர்க்காரர்கள் அந்த மூன்று நாளும் நேரம் தவறாமல் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நிலா விழுவதற்குள் கதாநாயகன் லிங்க் ஒக்கரினா என்ற ஊதுகுழலை ஊதினால் மறுபடி முதல் நாள் காலை.

அப்படியே தூக்கி மேஜையில் வைத்தேன். சொதப்பிவிட்டது. கன்ட்ரோலரோடு தனியாக உட்கார்ந்திருப்பவர், ஏற்கெனவே கேட்ட வசனத்தைப் பட்டனை அழுத்தித் தள்ளிவிடலாம். இங்கே தபால்காரரும் நான்தான், சத்திரக்காரியும் நான்தான். அதே வசனத்தை நான் இரண்டாம் தடவை ஆரம்பித்ததுமே ஒருவன் போனை எடுத்துவிட்டான். இன்னொருவன், “டேய், இது செல்டா தானே? நான் எப்பவோ முடிச்சிட்டேன்” என்றான்.

சரி என்று அடுத்த கதையில் ஒக்கரினாவையும் நிலாவையும் கழற்றிவிட்டேன். பதிலுக்கு, ஊருக்கு மேலே விரிசல் விட்ட ஓர் அணை. தாளில் 12 கட்டம் வரைந்து நடுமேஜையில் வைத்தேன். ஒரு கட்டம் 6 மணி நேரம்; பன்னிரண்டும் நிரம்பினால் அணை உடையும். ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி நீண்ட ஓய்வு 8 மணி நேரம். தூங்கினால் இரண்டு கட்டம் போச்சு என்று சொல்லிவிட்டேன். பூசாரியாக ஆடுபவனிடம் ஒரு மந்திரம்கூட மிச்சமில்லை, படுத்தே ஆக வேண்டும் என்கிறான். திருடனாக ஆடுபவள் விடவில்லை. இருபது நிமிடம் சண்டை. நான் வாயே திறக்காமல் பென்சில் முனையை ஐந்தாவது கட்டத்தின்மேல் வைத்தேன். “இரு இரு, இரு!” என்று நான்கு பேரும் கத்தினார்கள். நிலாவுக்கு இந்தக் கத்தல் கிடைக்கவில்லை.

‘டார்க் சோல்ஸ்’ என்ற வீடியோ கேமின் லிஃப்டையும் எடுத்தாயிற்று. மேலே தேவாலயத்திலிருந்து அதில் இறங்கினால், ஆரம்பித்த இடத்துக்கே வந்து நிற்போம். என் கதையிலும் அப்படி ஒரு வழி வைத்தேன். வரைபடம் வரைந்துகொண்டிருந்தவள் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “அட, இது நம்ம கிணறு!” என்றாள்.

சினிமாவிலிருந்து எடுக்கக் கூடாதது ஒன்று உண்டு: ஹீரோ என்ட்ரி. நான் ஆட்டுவிக்கும் பாத்திரம் ஸ்லோமோஷனில் கதவைத் திறந்துகொண்டு வந்தால், நான் வர்ணித்து முடிப்பதற்குள் அம்பு விட்டுவிடுவார்கள். ஒருமுறை விட்டும் இருக்கிறார்கள். அப்புறம் அவரை இழுத்துப் போட்டுச் சட்டைப்பையைத் துழாவினார்கள்.

அணைக் கதையில் 11 கட்டம் நிரம்பிவிட்டது. ஊர்த்தலைவரோ இன்னும் வீட்டைக் காலி செய்ய மாட்டேன் என்கிறார். வரும் சனிக்கிழமை பென்சிலைச் சீவிவைக்க வேண்டும்.