தவறணைக்குப் படம் தேடிய கதை

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான தேயிலைத் தோட்டச் சொற்களின் இணையப் பக்கத்தில், 'தவறணை' என்ற சொல்லுக்கு நேரே நுரை பொங்கும் பியர் கிளாஸ் ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. டீச்சருக்குக் காட்டுவதற்கு முன் நான் பார்த்துவிட்டேன், நல்ல காலம்.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் இலங்கை மலையகத்தில், தலவாக்கலை டவுனில் ஒரு கடைக்கு மேல் சின்ன அறை எடுத்து, இணையதளம் செய்து கொடுக்கிற வேலை பார்க்கிறேன். வீடு மேலே தேயிலைத் தோட்டத்தில். எங்கள் டிவிஷன் பள்ளிக்கூட டீச்சர் ஒரு நாள் பஸ்ஸில் பிடித்துக்கொண்டார். "பிள்ளைகளுக்குக் கவ்வாத்து தெரியல, மடுவம் தெரியல, மட்டக்கம்புன்னா கிரிக்கெட் மட்டையான்னு கேக்குதுங்க. சொல்லும் படமுமா போன்ல பாக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்க தம்பி" என்றார். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுவது, மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை, மட்டக்கம்பு என்றால் செடிகளின் மேல்மட்டம் பார்க்க வைக்கிற கம்பு. தாய் தகப்பன் கொழும்பில் வேலை, பிள்ளை பாட்டியோடு லயத்து வரிசை வீட்டில் என்றுதான் இப்போது பல வீடுகள். பாட்டி மலைக்குப் போவதை நிறுத்தியதும் சொல்லும் நின்றுவிடுகிறது. சரி என்றேன். அறுபது சொல். காசு பேசவில்லை.

பக்கம் கட்டுவது பெரிய வேலை இல்லை. டெர்மினலில் ஓடுகிற ஏஐ நிரல் உதவியாளர் ஒன்று வைத்திருக்கிறேன், தட்டச்சு வேலையில் முக்கால்வாசி அதுதான் செய்கிறது. ஒரு மணி நேரத்தில் பக்கம் எழும்பிவிட்டது. படம்தான் சிக்கல். "பொருத்தமான படங்களைச் சேர்" என்று சொன்னதும் அறுபது முகவரிகளை மளமளவென்று எழுதித் தந்தது. பார்க்க அச்சு அசல் படமுகவரி மாதிரியே இருந்தன. திறந்தால் ஒன்றிலும் படம் இல்லை. பொய் சொல்லவேண்டும் என்று அது சொல்லவில்லை. படமுகவரி எப்படி இருக்கும் என்று தெரியும், அந்தச் சாயலில் எழுதிவிட்டது, அவ்வளவுதான். தேடுகிற கருவி ஒன்றை அதன் கையில் கொடுக்காமல் இது ஆகாது என்று அன்றைக்கே புரிந்தது.

அந்தக் கருவியைக் கொடுக்கிற வழிக்குப் பெயர் எம்சிபி (மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்). 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட பொது நெறிமுறை. விஷயம் எளிது. ஒரு பக்கம் உதவியாளர், மறுபக்கம் நாம் எழுதிய சின்ன நிரல். அந்த நிரல், "என்னிடம் இன்ன கருவி இருக்கிறது, இன்னதைக் கொடுத்தால் இன்னது தருவேன்" என்று அறிமுகம் செய்துகொள்ளும். உதவியாளர் தேவைப்படும்போது கூப்பிடும். நிரல் நம் கணினியிலேயே ஓடினால் இருவரும் பேசிக்கொள்வது நிரலின் உள்ளீடு, வெளியீடு என்ற இரண்டு குழாய் வழியாக. இந்த இரண்டாவது குழாயை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அதில்தான் நான் ஒரு இரவைத் தொலைத்தேன்.

முதலில் யாரோ எழுதி வைத்திருந்த தயார் நிரல் ஒன்றை எடுத்தேன். இலவசப் படத்தளம் ஒன்றில் தேடித் தரும். அந்தத் தளத்தைப் பயன்படுத்தத் தருகிற ரகசியக் குறியீட்டை, அதாவது சாவியை வாங்கி, அமைப்புக் கோப்பில் போட்டு, உதவியாளரைத் திறந்தால் 'இணைப்பு தோல்வி'. வெளியே மழை, ரூட்டரில் சிக்னல் ஒரு கோடு இரண்டு கோடு என்று ஆடிக்கொண்டிருந்தது. அதனால் சிக்னலைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். ரூட்டரை ஜன்னலுக்கு மாற்றி, பொலித்தீன் சுற்றி வாசல் திண்ணையான இஸ்தோப்புக்கே கொண்டுபோய் வைத்தும் பார்த்தேன். காரணம் அது இல்லவே இல்லை. என்னுடையது விண்டோஸ் லேப்டாப். விண்டோஸில், இந்த வகை நிரலைக் கிளப்புகிற என்பிஎக்ஸ் கட்டளையை நேரே எழுதினால் இப்படி நிரல் கிளம்பாமல் போவதுண்டு. முன்னால் 'சிஎம்டி' என்று போட்டு, அடுத்து சாய்கோட்டோடு 'சி' போட்டு, அப்புறம்தான் என்பிஎக்ஸ் வரவேண்டும். அந்த இரண்டு சொல்லைச் சேர்த்ததும் பச்சை விழுந்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாவியை நான் போட்ட அமைப்புக் கோப்பு, திட்டத்தோடு சேர்ந்து, நிரல்களைச் சேமித்துப் பகிரும் 'கிட்' களஞ்சியத்தில் ஏறிவிடுகிற வகை. டீச்சரின் தம்பியும் அந்தக் களஞ்சியத்தைப் பார்க்கிறவர். ஏற்றுவதற்கு முன் கண்ணில் பட்டதால் சாவியை, கோப்புக்கு வெளியே கணினியிலேயே வைக்கிற சூழல் மாறிக்கு மாற்றினேன். படத்தளச் சாவி போனால் குடி முழுகாதுதான். ஆனால் நாளைக்கு அதே பழக்கத்தில் வேறு சாவியையும் போடுவோம்.

தயார் நிரல் வேலை செய்தது, படங்களும் அழகு. ஆனால் மணிக்கு 50 கோரிக்கைதான் அனுமதி. அறுபது சொல்லுக்கு, ஒவ்வொன்றையும் நாலு விதமாகத் தேடுகிற உதவியாளர் அதைப் பத்து நிமிடத்தில் தின்று தீர்த்துவிடும். அதைவிட, அங்கே இருந்த தேயிலைப் படங்களெல்லாம் சுற்றுலாப் படங்கள். மேகம், பச்சைப் படிக்கட்டு, சிரிக்கிற பெண். மடுவத்தை யார் படம் எடுத்துப் போடப்போகிறார்கள்? ஆகவே விக்கிமீடியா காமன்ஸ் என்ற பொதுப் படக் களஞ்சியத்துக்குத் தாவினேன். சாவி வேண்டாம், உரிமம் தெளிவு, பழைய படங்களும் உண்டு. நிரலை நானே எழுதலாம் என்று முடிவுசெய்தேன். நான் என்றால், உதவியாளரிடம் சொல்லி எழுத வைத்தேன். தன் கைக்கான கருவியைத் தானே செய்துகொள்கிற ஆள், பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

பைத்தனில் ஐம்பது அறுபது வரி. ஓடவிட்டதும் காமன்ஸ் 403, அதாவது அனுமதி இல்லை என்று கதவைச் சாத்தியது. தானாக ஓடும் நிரல்கள் தாங்கள் யார், யாரைத் தொடர்புகொள்ளலாம் என்று கோரிக்கையின் தலைப்பில் சொல்லவேண்டும் என்பது அங்கே விதி. நான் பெயரே சொல்லாமல் போய்த் தட்டியிருக்கிறேன். நியாயம்தானே. பெயரும் மின்னஞ்சலும் சேர்த்ததும் திறந்தது. ஆனால் தேடினால் படமே வரவில்லை, ஏதோ தொகுப்புப் பக்கங்கள் வந்தன. காமன்ஸில் படக்கோப்புகள் இருப்பது 6 என்ற எண்ணுள்ள பெயர்வெளியில், அதாவது பிரிவில். எண்ணைச் சொல்லாவிட்டால் அது 0 என்ற இடத்தில் தேடும். 6 போட்டேன், படங்கள் கொட்டின.

அப்புறம் அந்த இரண்டாவது குழாய். என்ன வருகிறது என்று பார்ப்பதற்காக நிரலின் நடுவில் ஒரு 'பிரின்ட்' (எழுதிக் காட்டும் கட்டளை) போட்டேன். கை பழக்கம். உடனே இணைப்பு அறுந்தது. எடுத்தால் சேர்கிறது, போட்டால் அறுகிறது என்று முதலில் தெரிந்திருந்தால் பரவாயில்லை. நான் ஒரே சமயத்தில் வேறு மூன்று மாற்றமும் செய்திருந்தேன். அதனால் மற்ற மூன்றையும் கிண்டி, பதினொரு மணிக்குக் கரண்ட் போய், போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது: அந்த வெளியீட்டுக் குழாய் உதவியாளருக்கும் நிரலுக்குமான பேச்சுக்கு மட்டும். நான் அச்சடித்த 'வந்திருச்சு' என்ற சொல் நெறிமுறைச் செய்திக்கு நடுவில் போய் விழுந்து எல்லாவற்றையும் குழப்பியிருக்கிறது. குறிப்பு எழுதவேண்டுமென்றால் பிழைகளுக்கென்று இருக்கிற வேறு குழாயில் எழுதவேண்டும். இதைச் செய்யப்போகிறவர் யாராக இருந்தாலும் முதலில் இதைப் பாருங்கள்.

மறுநாள் எல்லாம் ஓடியது. அறுபது சொல்லையும் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் பியர் கிளாஸ்.

தப்பு என்று முழுதாகச் சொல்லவும் முடியாது. நம் நாட்டில் கள்ளு விற்கிற இடமும் தவறணைதான், தேயிலைக் கன்று வளர்க்கிற இடமும் தவறணைதான். அது முதலாவதை எடுத்துக்கொண்டது. "கள்ளு இல்லை, நாற்று வளர்க்கிற இடம்" என்று திருத்தினேன். காமன்ஸில் தமிழ்ச் சொல்லுக்குப் படம் குறைவு என்பதால் அது ஆங்கிலத்தில் மாற்றி 'நர்சரி' என்று தேடியது. இந்தத் தடவை வந்தது குழந்தைகள் தூங்கும் தொட்டில்கள், சுவரில் கரடி பொம்மை. நான் சிரித்த சிரிப்பில் கீழ்க்கடை முதலாளி ஏறி வந்துவிட்டார். அந்தப் படத்தை, தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்காவது வைக்கலாமா என்று பார்த்தேன். எங்கள் பிள்ளைக்காம்பராவில் கரடி பொம்மை ஏது.

கவ்வாத்துக்கு ரோஜாச் செடி வெட்டும் கத்தரி. கொழுந்துக்கு மட்டும் குறையில்லை, இரண்டு இலையும் ஒரு மொட்டும் எந்த நாட்டிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கும் ஒரு படம் போட்டிருந்தது. நன்றாக இருக்கிறதே என்று வீட்டில் அம்மாவிடம் காட்டினேன். முப்பத்தோரு வருசம் மலையேறியவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனை வாங்கி, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, இடுப்பைப் பார்த்தார்.

"படங்கு எங்க? சேலையோட செடிக்குள்ள போனா ஒரு நிரையில கிழிஞ்சிரும். இது நம்ம பக்கம் இல்ல."

போய்ப் பார்த்தால் மூணாறு. படத்தோடு வந்த விவரத்திலேயே அப்படித்தான் இருந்திருக்கிறது. என் நிரல் தலைப்பை மட்டும் எடுத்து அனுப்பி, விளக்கத்தையும் இடத்தையும் விட்டுவிட்டிருந்தது. உதவியாளர் அந்தத் தலைப்பை நம்பித் தேர்ந்தெடுத்திருக்கிறது. அப்போதுதான் எனக்கே ஒரு விஷயம் பிடிபட்டது. இத்தனை நாளும் அது ஒரு படத்தையும் பார்க்கவில்லை. படத்தின் பெயரை வாசித்திருக்கிறது. நான் 'படம் தேடுகிறது' என்று சொல்லிக்கொண்டிருந்தது உண்மையில் சொல் தேடல்.

பார்க்க வைக்கவும் வழி உண்டு. எம்சிபியில் கருவி திருப்பித் தருவது எழுத்தாக மட்டும் இருக்கவேண்டியதில்லை, படமாகவும் தரலாம். காமன்ஸ் சுருக்கிய படத்தின் முகவரியையும் கொடுக்கும். அதை இறக்கி, எழுத்து வரிசையாக மாற்றி, படம் என்று அடையாளம் போட்டு அனுப்பினேன். முதல் தடவை ஆசையில் இருபது படத்தை ஒன்றாக அனுப்பி, உரையாடல் நிரம்பி வழிந்தது. எண்ணிக்கையை ஐந்தாகக் குறைத்தேன். முதலில் இருபது தலைப்பும் விளக்கமும் எழுத்தாகப் போகும். அதிலிருந்து அது ஐந்தைக் கேட்டால் அந்த ஐந்தின் படம் போகும். இப்படி இரண்டு கருவியாகப் பிரித்ததுதான் நான் செய்ததில் உருப்படியான காரியம். டேட்டாவும் மிச்சம். ரீலோட் போட்டே பிழைக்கிறவனுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சொல் குழப்பத்துக்கு மருந்து நிரலில் இல்லை, கருவியின் விளக்கத்தில் இருந்தது. கருவியை எப்போது, எப்படிக் கூப்பிடுவது என்று உதவியாளர் முடிவுசெய்வது நாம் எழுதி வைக்கும் அந்த நாலு வரியைப் படித்துத்தான். நான் 'படம் தேடும் கருவி' என்று ஒரே வரி எழுதியிருந்தேன். இப்போது பக்கத்தில் ஒரு சொற்பட்டியலை வைத்து, தேடுவதற்கு முன் இதைப் பார் என்று எழுதினேன். அந்தப் பட்டியலைச் செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது. அம்மா சொல்ல நான் எழுத. "தவறணை: தேயிலைக் கன்றை உறையில் நட்டு, மேலே நிழல் கட்டி வைத்திருக்கும் இடம். கள்ளுக்கடை அல்ல, குழந்தை அறை அல்ல." "படங்கு: கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றிக் கட்டுவது." இப்படி. பக்கத்துக் காம்பரா அத்தை ஒருவர் வந்து, அம்மா சொன்ன மூன்று சொல்லுக்கு மறுப்புச் சொல்லி, அரை மணி நேரம் இருவரும் வாதாடினார்கள். இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பழைய படம் தேடியபோது ஒன்று வந்தது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1878இல் களுத்துறையில் எடுத்த படம், மூன்று பேர் நிற்கிறார்கள். படத்துக்குக் 'களுத்துறைக் குடியானவர்கள்' என்றுதான் பெயர் இருக்கிறது, நின்றவர்கள் பெயர் இல்லை. எடுத்தவர் அடுத்த ஆண்டு இறந்து, பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கமானார். அந்த ரோட்டில் எத்தனையோ தரம் பஸ்ஸில் போயிருக்கிறேன், தெரியாது. பிள்ளைகள் பக்கத்துக்கு அந்தப் படம் பொருந்தாது. எனக்காக இறக்கி வைத்துக்கொண்டேன்.

கடைசிக் கணக்கு: அறுபதில் முப்பத்தெட்டுக்குப் படம் கிடைத்தது. எடுத்தவர் பெயரும் உரிமமும் படத்தடியில் வரும்படி செய்தேன். எடுத்தவர் பெயர் இணைப்புக் குறிகளோடு கலந்து வரும், அதைத் துடைத்தெடுக்க மறக்கவேண்டாம். மிச்ச இருபத்திரண்டையும் நாங்களே எடுப்பது என்று டீச்சர் சொல்லிவிட்டார். மடுவத்தை அவர் எடுத்தார், கவ்வாத்து மலையை அவர் தம்பி எடுத்தார். மட்டக்கம்பு எங்கள் வீட்டு அடுப்படி மூலையில் இன்னும் இருக்கிறது. வாசலில் அம்மா பிடித்து நிற்க, கையும் கம்பும் மட்டும் தெரிகிற மாதிரி எடுத்து, தமிழிலேயே பெயரும் விளக்கமும் எழுதி காமன்ஸில் ஏற்றினேன்.

மறுநாள் உதவியாளரிடம் 'மட்டக்கம்பு' என்று தேடச் சொன்னேன். ஒரே ஒரு படம், எங்களுடையது. பார்த்துவிட்டு என்ன தெரிகிறது என்று சொல் என்றேன், விளக்கத்தை மறைத்துவிட்டு. "முதிய பெண் ஒருவர் கைத்தடியைப் பிடித்திருக்கிறார்" என்றது.

அம்மாவிடம் சொன்னேன்.

"கைத்தடி ஊன்ற எனக்கு இன்னும் வயசு இருக்குன்னு சொல்லு அதுக்கிட்ட" என்றார்.

பட்டியலில் ஒரு வரி சேர்த்தேன்.