பன்னிரண்டு விநாடிப் பல்லவி

நான் படத்தொகுப்பாளராக இருந்த நெடுந்தொடர் தொடங்கியபோது அதன் டைட்டில் பாடல் ஒரு நிமிடம் பத்து விநாடி ஓடியது. தொடர் முடியும் காலத்தில் பன்னிரண்டு விநாடியாகக் குறுகியிருந்தது. இடையில் நிகழ்ந்த வெட்டுகள் அனைத்தும் என் கையால் நிகழ்ந்தவை.

டைட்டில் பாடல் காதுக்காகச் செய்யப்படுவது என்பதை அந்த வேலைதான் எனக்குக் கற்பித்தது. 1999-இல் தொடங்கிய ‘சித்தி’ தொடருக்குத் தினாவின் இசையில் நித்யஸ்ரீ மகாதேவன் பாடிய ‘கண்ணின் மணி’ ஒலித்தால், அடுப்படியில் இருந்தவர்கள் தீயைக் குறைத்துவிட்டுக் கூடத்துக்கு வருவார்கள். வந்து உட்காரும் வரை கதை தொடங்காமல் காத்திருக்கும். அதே இருவர் ‘மெட்டி ஒலி’க்காகத் தந்த பாடல் இன்னொரு வேலையையும் செய்தது: அம்மி மிதித்தலில் தொடங்கும் அந்தப் பல்லவியைக் கேட்டாலே, பெண்களைப் பெற்று மணமுடித்துக் கொடுக்கும் ஒரு தகப்பனின் வீட்டுக்குள் நுழைகிறோம் என்பது புதிதாகப் பார்ப்பவருக்கும் விளங்கிவிடும். சபா வாசலை மிதித்திராத எத்தனையோ வீடுகளுக்குள் ஒரு கர்நாடக இசைப் பாடகியின் குரல் இரவுதோறும் சென்றது இந்த வழியாகத்தான்; இதைச் சங்கீத விமர்சகர்கள் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பாடல் சுருங்கியதற்குக் காரணம் கணக்குதான். ஒரு மணி நேரத்தில் விளம்பரத்துக்குப் பத்து நிமிடம், அலைவரிசையின் சொந்த முன்னோட்டங்களுக்கு இரண்டு நிமிடம் என்பது விதி. அரை மணி ஸ்லாட்டில் எஞ்சும் இருபத்து நான்கு நிமிடத்துக்குள் முன்கதையும் நாளைய காட்சியும் இடம் கேட்கும்போது, வசனத்தில் கைவைக்க இயக்குநர் ஒப்புவதில்லை. முதலில் சரணம் போயிற்று, பிறகு இடையிசை, பிறகு பல்லவியின் இரண்டாம் அடி. எங்கள் பாடலின் எடுப்பு, அதாவது சொல் தொடங்கும் இடம், சமத்திலிருந்து (தாளச் சுற்றின் முதல் தட்டிலிருந்து) அரை இடம் தள்ளி அமைந்திருந்ததால், தாளக் கணக்கை நம்பிச் சமத்தில் வெட்டினால் தொடக்கத்தில் ஒரு வெறுமை நின்றது. சொல்லில் வெட்டினால் பாடகி மூச்சிழுக்கும் ஒலி அறுந்து, யாரோ திடுக்கிட்டது போலக் கேட்டது. இறுதியில் மூச்சை வைத்துக்கொண்டு தாளத்தைக் கைவிட்டேன். இசையமைப்பாளர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்.

திரைப்பாடல்களைக் கையாண்ட விதத்தில் என் தவறும் ஒன்று உண்டு. வளைகாப்புக் காட்சி ஒன்றில், எல்லோருக்கும் தெரிந்த பழைய பாடலின் சில அடிகளை வசனத்துக்கு அடியில் மெல்ல ஓடவிட்டேன். காட்சி அழகாக அமைந்தது. அப்பாடலுக்கு உரிமை பெறவில்லை என்பது அப்பகுதியை இணையத்தில் ஏற்றியபோதுதான் உறைத்தது: அந்த இடம் முழுவதும் ஒலியற்றுப் போயிருந்தது. வசனத்தையும் இசையையும் தனித்தனி டிராக்காகச் சேமிக்காமல் ஒன்றாகக் கலந்து வைத்திருந்ததால், பாடலை மட்டும் நீக்க வழியில்லை. நடிகர்களை மீண்டும் டப்பிங்குக்கு அழைத்த செலவைத் தயாரிப்பு மேலாளர் பல மாதங்கள் எனக்கு நினைவூட்டிக்கொண்டே இருந்தார்.

கடைசிப் பகுதியில் டைட்டில் பாடலை முழுமையாக ஒலிக்கவிட வேண்டும் என்றார் இயக்குநர். எங்கள் ஹார்ட் டிஸ்க்குகள் அனைத்தையும் தேடியும் பன்னிரண்டு விநாடி வடிவமும் இருபத்தைந்து விநாடி வடிவமும்தான் கிடைத்தன. இடம் போதவில்லை என்று மூல ஒலிக்கோப்பை நானே எப்போதோ அழித்திருக்கிறேன். வெட்கத்தோடு இசையமைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். பழைய சிடியில் இருக்கிறது, ஆளை அனுப்புங்கள் என்றார். ஆளை அனுப்பாமல் நானே போய் வாங்கி வந்தேன்.