போட்டிக்கு முன் கணினியையும் வானொலியையும் இணைத்தல்

ஹாம் (அமெச்சூர்) வானொலியாளர்கள் தம் நிலையங்களிலிருந்து ஒருவரையொருவர் தொடர்புகொள்ளும் சிக்யூ வேர்ல்ட்வைட் போட்டியின் குரல் பிரிவு அக்டோபர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியிலும், மோர்ஸ் பிரிவு நவம்பர் மாதத்தின் கடைசி முழு வார இறுதியிலும் நடைபெறுகின்றன. நமது நேரப்படி சனிக்கிழமை காலை 5.30 மணிக்குத் தொடங்கும் அந்த 48 மணி நேரமும் எதிர்முனையில் இருப்பவருக்கு நாம் தரவேண்டியது குரலில் '59 22', மோர்ஸில் '599 22' மட்டுமே. முதலில் வருவது சைகையின் தரம்; 22 என்பது இந்தியா அமைந்துள்ள போட்டி மண்டலத்தின் எண். ஒரே செய்தியைப் பல நூறு முறை தொண்டை வறளச் சொல்வதைவிட, அதை முன்பே பதிவுசெய்து கணினியின் எஃப்2 விசைக்கு விட்டுவிட்டு, காதைக் கால்சைனில் (எதிர் நிலையத்தின் அடையாளக் குறியில்) வைத்திருப்பதே நல்லது.

இணைப்பை ஒரே நாளில் முடித்துவிட முயலாமல், முதலில் வானொலியின் அலைவரிசையை லாக் மென்பொருள் (தொடர்புகளைப் பதிவுசெய்யும் நிரல்) சரியாகப் படிக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஐகாம் 7300 போன்ற கருவிகளில் கட்டுப்பாடு, ஒலி, மோர்ஸ் மூன்றும் ஒரே யூஎஸ்பி கேபிளில் அடங்கிவிடுகின்றன. ஆனால் டிரைவரை நிறுவிய பிறகே கேபிளைச் செருக வேண்டும். மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது அதன் டிடிஆர், ஆர்டிஎஸ் என்னும் கட்டுப்பாட்டுக் கம்பிகள் உயர்நிலைக்குச் சென்று, வானொலி தானாகவே ஒலிபரப்பத் தொடங்கிவிடக்கூடும் என்பதால், முதல் சோதனையை டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாகத் திறனை உறிஞ்சிக்கொள்ளும் கருவியில்), குறைந்த திறனில் செய்வதே முறை.

பழைய கருவிகளில் மோர்ஸ் அனுப்ப ஒரு 2என்2222 டிரான்சிஸ்டரும் ஒரு ரெசிஸ்டரும் போதும். ஆயினும் புள்ளி, கோடுகளின் கால அளவை விண்டோஸ் கணக்கிட்டால், கணினிக்கு வேறு வேலை வரும்போது எழுத்துகள் தடுமாறும். அந்தக் கணக்கைத் தனிச் சிப்பிலேயே வைத்துக்கொள்ளும் வின்கீயருக்குச் செலவிடுவது வீணல்ல என்பது என் கருத்து.

உண்மையான தொல்லை 100 வாட்டில்தான் தலைகாட்டும். பாளையங்கோட்டைத் தெரு வீடுகளில் மொட்டைமாடிக் கம்பி ஆண்டெனாவுக்கும் கணினி மேசைக்கும் இடையே இருப்பது பெரும்பாலும் ஒரு காங்கிரீட் தளம் மட்டுமே. 10 வாட்டில் ஒழுங்காக இயங்கிய யூஎஸ்பி இணைப்பு, திறனைக் கூட்டியதும் அறுந்துவிடும். அதுவும் 20 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் ஒன்றும் நேராமல், 15 மீட்டர் பட்டையில் மட்டும் நேரும். கேபிளின் வெளியுறை தானே ஆண்டெனாவாகி மின்னோட்டத்தை வாங்கிக்கொள்வதே காரணம். அந்த மின்னோட்டத்தைத் தடுக்கும் ஃபெரைட் என்னும் காந்தப் பொருளின் தடுப்பாற்றல், அதில் கேபிளைச் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப இருமடியாக வளர்வதால், கேபிளில் வெறுமனே மாட்டிய ஒற்றைக் கவ்வியைவிட, 31 வகை வளையத்தில் சுற்றிய ஐந்தாறு சுற்றுகள் மிகுந்த பயன் தரும். ஆண்டெனாவில் கேபிள் சேரும் ஊட்டுமுனையில் இதேபோன்ற ஒரு சோக் (தடுப்புச் சுருள்) இட்டால் நோயை மூலத்திலேயே பிடித்துவிடலாம்.

குரல் பிரிவு ஐப்பசி அடைமழையிலும் மோர்ஸ் பிரிவு கார்த்திகையிலும் வருவதால், மின்தடைக்கு மடிக்கணினியே துணை. ஆனால் மலிவான சார்ஜர்கள் வானொலியில் எழுப்பும் இரைச்சலை முன்கூட்டியே கேட்டுப் பார்த்துவிட வேண்டும். இடி நெருங்கினால் ஆண்டெனாவைக் கழற்றிவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

கணினியிடம் நான் ஒப்படைக்காதது மோர்ஸைப் படிக்கும் வேலையை மட்டுமே. புவிகாந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் திருநெல்வேலியை அடுத்த கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் அமைந்துள்ளது. அதே காரணத்தால் சூரியன் மறைந்த பிறகு, வானொலி அலைகளைத் திருப்பியனுப்பும் மேல்வான அயனி மண்டலம் கலங்கி, சில இரவுகளில் சைகைகள் படபடத்து வருகின்றன. அப்போது மென்பொருள் திரையில் தருவது வெறும் எழுத்துக் குவியல். பழகிய காதோ அதற்குள்ளிருந்தும் கால்சைனைப் பிரித்தெடுத்துவிடுகிறது.