மூன்றாம் நாள் சீட்டு

எங்கள் 200 படுக்கை மருத்துவமனைக்கு ஆன்டிபயாட்டிக் நெறிமுறை எழுதும் பொறுப்பு, நுண்ணுயிரியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் என்னிடம் வந்தபோது, ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்றே கணக்கிட்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2019இல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறைகளும், மருந்துகளை ஆக்சஸ் (முதலில் தரத்தக்கவை), வாட்ச் (கவனத்துடன் தர வேண்டியவை), ரிசர்வ் (கடைசிக் கையிருப்பு) என மூன்றாகப் பிரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் மேசையிலேயே இருந்தன. ஆனால் எதை முதலில் பரிந்துரைப்பது என்பதை எங்கள் வார்டுகளில் உலவும் கிருமிகளைக் கொண்டே முடிவு செய்ய வேண்டும். அதற்கான ஆன்டிபயோகிராமை, அதாவது எந்தக் கிருமி எந்த மருந்துக்கு எத்தனை சதவீதம் கட்டுப்படுகிறது என்ற அட்டவணையைத் தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் வேலையின் அளவு தெரிந்தது. ஒரே நோயாளியிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த கிருமியை ஒருமுறை மட்டுமே எண்ண வேண்டும்; ஓர் இனத்துக்கு 30 மாதிரிகளாவது சேராவிட்டால் சதவீதம் சொல்லக் கூடாது. இவ்விரு விதிகளையும் பின்பற்றியதும், நாங்கள் பெருமையாக வைத்திருந்த அட்டவணையில் பாதிக் கட்டங்கள் காலியாயின. கிருமியை வளர்த்துக் கண்டறிய எடுக்கும் இரத்தக் கல்ச்சர்களில் பலவும், மருந்து கிருமியை மறைத்துவிடக்கூடிய விதத்தில், முதல் ஊசி போட்ட பிறகே எடுக்கப்பட்டிருந்ததும் அப்போது தெரியவந்தது. ஆகவே கல்ச்சருக்குப் பிறகே முதல் டோஸ் என்றும், செப்டிக் ஷாக்கில் (தொற்றால் இரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரிந்த நிலையில்) வருபவருக்கு மட்டும் எதற்காகவும் ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்றும் முதல் பக்கத்தை எழுதினோம்.

அறுவை சிகிச்சைப் பகுதிதான் எங்களை அதிகம் அலைக்கழித்தது. தோலைக் கீறுவதற்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக், அறுவை நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் மீண்டும் ஒரு டோஸ், 24 மணி நேரத்துக்கு மேல் எதுவும் வேண்டாம் என்பது நெறிமுறை. நடைமுறையில் செஃப்ட்ரையாக்சோன் என்ற வேறோர் ஆன்டிபயாட்டிக் ஐந்து நாள் ஓடிக்கொண்டிருந்தது. மூத்த அறுவை மருத்துவர் ஒருவர் கூட்டத்தில், "என் தியேட்டரை நம்புகிறேன் டாக்டர், வார்டை நம்ப முடியவில்லை" என்றார். அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று முதலில் நினைத்த நான், ஒரு வாரம் வார்டில் நின்று பார்த்த பிறகு அவர் பக்கமே சாய்ந்தேன். கட்டு மாற்றும் தள்ளுவண்டியில் கைத்தேய்ப்புக் கரைசல் புட்டி பெரும்பாலும் காலியாகவே இருந்தது. அதைச் சரிசெய்யாமல் மருந்தைக் குறைக்கச் சொல்வது நியாயமில்லை என்பதால், அறுவைப் பக்கத்தை மூன்று மாதம் தள்ளிவைத்துவிட்டுக் கை சுத்தத்தைக் கவனித்தோம். பிறகு குடலிறக்க அறுவைகளுக்கு ஒரே டோஸ் போதும் என்று அவரே எழுதத் தொடங்கினார். எலும்பு மருத்துவர்களுடன் பேச்சு இன்னும் நடக்கிறது.

கடும் தொற்றுகளுக்கான, பல வகைக் கிருமிகளைத் தாக்கும் மெரோபெனம் என்ற மருந்துக்கு முன்அனுமதிப் படிவம் வைத்தது என் தவறு. இரவுப் பணி மருத்துவர்கள் எல்லாப் படிவத்திலும் 'செப்சிஸ்' (தொற்றால் உறுப்புகள் பாதிக்கப்படும் நிலை) என்ற ஒரே சொல்லை எழுதி அனுப்பினார்கள். அவசரத்தில் வேறென்ன எழுதுவார்கள்? படிவத்தை எடுத்துவிட்டு, முதல் 72 மணி நேரத்துக்கான மருந்தைக் கேள்வியின்றிக் கொடுத்து, மூன்றாம் நாள் காலையில் மருந்தாளுநரே ஒரு சீட்டுடன் வார்டுக்குச் செல்லும்படி மாற்றினோம். கல்ச்சர் என்ன சொல்கிறது, குறுகிய வீச்சுள்ள (சில கிருமிகளை மட்டும் தாக்கும்) மருந்துக்கு மாற்றலாமா, வாய்வழி கொடுக்கலாமா, எந்தத் தேதியில் நிறுத்துவது என்ற நான்கு கேள்விகளே அதில் உண்டு. தொலைபேசியில் கேட்டபோது "பார்க்கிறோம்" என்ற பதிலே வந்தது. கேஸ் ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு நேரில் கேட்டபோது தேதி எழுதப்பட்டது.

அந்தச் சீட்டுகள் எங்கள் ஆய்வகத்தின் குறையையும் காட்டிக்கொடுத்தன. காய்ச்சலோ எரிச்சலோ இல்லாத முதியவர்களுக்கு, சிறுநீர்க் கல்ச்சரில் ஈ.கோலை என்ற பாக்டீரியா வளர்ந்திருந்த ஒரே காரணத்தால் மருந்து தொடங்கப்பட்டிருந்தது. கர்ப்பிணிகளையும் சிறுநீர்ப்பாதை அறுவைக்குச் செல்பவர்களையும் தவிர மற்றவர்களில், அறிகுறியற்ற இந்த வளர்ச்சிக்குப் பொதுவாகச் சிகிச்சை தேவையில்லை என்று இப்போது எங்கள் அறிக்கையின் அடியிலேயே அச்சிடுகிறோம்.