அம்மாவின் வாய்

பிப்ரவரி 27, யாங்கோன்
அம்மாவுக்கு மூன்று இடத்தில் குத்தி மூன்று முறை ரத்தம் எடுத்துப் போனார்கள். காய்ச்சல் 102. பொறுத்திருங்கள் என்கிறார்கள்.

பிப்ரவரி 28
கரண்ட் இல்லை. விடியும்வரை விசிறிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 2
கிருமி வளர்ந்துவிட்டது. சயாமா, இங்கே டாக்டரம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம், என் கையிலிருந்த சீட்டின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ். எல்லார் வாயிலும் இருப்பதுதானாம். பல் பிடுங்கிய புண் வழியாக ரத்தத்தில் ஏறி, இதயத்தில் மாற்றிவைத்த வால்வில் போய் உட்கார்ந்துவிட்டது. பல்லில் கைவைக்கும் முன் அமாக்சிசிலின் கொடுத்திருக்க வேண்டும். அந்தப் பல் டாக்டர் எதையும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வால்வுச் சீட்டு பீரோவில் சேலைக்கு அடியில் இருந்தது.

ஊசி ஆறு வாரம்.

மார்ச் 3
"சாப்பிட்டியா பாப்பா?" கேட்டது அம்மா.

மார்ச் 5
தூக்கம் வராமல் ஃபோனில் படித்துக்கொண்டே இருந்தேன். கிருமிக்குள்ளும் வைரஸ் உண்டு. ஃபேஜ் என்று பெயர். பாக்டீரியாவைத் தின்பது. 1915இல் லண்டனில் ட்வார்ட் கண்டார், 1917இல் பாரிஸில் டெரெல் சீதபேதிக்காரர்களின் மலத்திலிருந்து பிரித்துப் பெயரும் வைத்தார். ஒரு மில்லி உமிழ்நீரில் வைரஸ் மட்டும் ஏறக்குறைய 10 கோடி. அதில் பெரும்பகுதி ஃபேஜ்தான். அப்பாடா, அம்மாவின் வாயிலேயே நமக்கு ஆள் இருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த பக்கம் படித்திருக்கக் கூடாது.

எல்லா ஃபேஜும் கொல்வதில்லை. சில, கிருமியின் மரபணுவுக்குள் புகுந்து சத்தமில்லாமல் குடியிருக்கும். மைட்டிஸின் ஒரு வகையில் எஸ்எம்1 என்று ஒன்று. அதன் இரண்டு புரதங்கள் கிருமியின் மேல்தோலில் வந்து ஒட்டிக்கொண்டு ரத்தத் தட்டணுக்களைப் பிடிக்கும். தட்டணு சேரச் சேர வால்வில் திட்டு வளரும். அந்தப் புரதங்களை எடுத்துவிட்டால், பிராணிகளில் நோயின் வேகம் குறைகிறதாம். தின்ன வந்தது கிருமிக்குக் கை கொடுத்துவிட்டதே.

அம்மாவின் கிருமியில் அது இருக்கிறதா?

மார்ச் 6
சயாமாவிடம் கேட்டேன். அதைப் பார்க்கிற சோதனை இங்கே செய்வதில்லை. பென்சிலினுக்கு இது அடங்கும், அதுதான் முக்கியம் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மார்ச் 8
அம்மா கூன்யா கேட்டு அடம், வெற்றிலைச் சுருள். தரவில்லை. சுண்ணாம்பு டப்பாவை மட்டும் திறந்து, மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

பிடுங்கிய பல்லைப் பஞ்சில் சுற்றித் தீப்பெட்டியில் வைத்திருந்தேன். இன்றுதான் திறந்தேன். மேலே வெற்றிலைக் கறை, வேர்ப்பக்கம் மஞ்சளாக ஒரு படலம், நகத்தால் சுரண்டினால் மாவு போல வருகிறது. வால்வுக்குப் போனது இதிலிருந்துதானோ. கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் திறந்தேன்.

மார்ச் 9
ஒரே வீட்டில் இருப்பவர்களின் வாயில் ஒரே ஃபேஜ்கள் சில இருக்குமாம். சின்னதில் எனக்குக் கொய்யாவைத் தன் பல்லால் கடித்துக் கடித்துத்தான் ஊட்டினார். அப்படியென்றால் அது என் வாயிலும் இருக்கலாம். ஏனோ, அதை நினைத்தால் பயமாக இல்லை.

மார்ச் 12
காய்ச்சல் இல்லை! தம்பி காளி கோயிலில் விளக்கேற்றிவிட்டு வந்தான்.

மார்ச் 15
மறுபடி 100.

மார்ச் 16
நாளைக்கு எக்கோ, இதய ஸ்கேன். திட்டு சுருங்கியிருக்க வேண்டும். சீட்டு, பழைய ரிப்போர்ட், வால்வு அட்டை எல்லாம் என் பையில். மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

மார்ச் 17
உள்ளே கூட்டிப் போய்விட்டார்கள். வாய் உலர்கிறது என்றார், தண்ணீர் கொடுக்கலாமா என்று கேட்பதற்குள் கதவு