கூட்டருகே காத்திருக்கும் உதவியாளர்

கூட்டு இனப்பெருக்கம் செய்யும், அதாவது குழுவாகச் சேர்ந்து குஞ்சு வளர்க்கும், சிலம்பன் பறவைகளின் கூடுகளைப் படம்பிடித்த கேமராப் பதிவுகளைப் பார்த்து, எந்த நிறக் கால்வளையம் கொண்ட பறவை எப்போது வந்தது, என்ன இரை கொண்டுவந்தது, எந்தக் குஞ்சுக்கு ஊட்டியது என்று அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. இக்குழுக்களில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது பெரும்பாலும் ஒரே இணைதான். மற்றவை உதவியாளர்களாக இரை சுமக்கின்றன. அவற்றில் பல முந்தைய ஈட்டுக் குஞ்சுகள் என்பதால், உடன்பிறப்புகளை வளர்ப்பதன் மூலம் தம் மரபணுக்களையே வளர்க்கின்றன என்று பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இல் முன்வைத்த கருத்தைக் கொண்டு இதை விளக்கிவிடலாம். உறவில்லாத பறவையும் இரை சுமக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அரேபியச் சிலம்பன்களைப் பல்லாண்டுகள் கவனித்த இஸ்ரேலிய உயிரியலாளர் அமோட்ஸ் ஸஹாவி, உதவி என்பது குழுவில் தன் மதிப்பை உயர்த்திக்கொள்ளப் பறவை காட்டும் சமிக்ஞை என்றார். கேட்டவுடன் பிடித்துப்போகும் கருத்து இது. அதனாலேயே எனக்கு அதன்மீது சற்று எச்சரிக்கை உண்டு. அது சரியென்றால், மற்றவை பார்த்துக்கொண்டிருக்கும்போது உதவியாளர் அதிகம் ஊட்ட வேண்டும், யாரேனும் வரும்வரை கூட்டில் தாமதிக்கவும் வேண்டும். ஆகவே எங்கள் அட்டவணையில் 'அருகில் வேறு பறவை உண்டா', 'கூட்டில் இருந்த நேரம்' என்று இரண்டு பத்திகள் இருந்தன.

இரண்டாவது பத்தியை நம்புவதுதான் கடினம். ஓர் உதவியாளர் பச்சைப் புழுவை ஒரு குஞ்சின் தொண்டைக்குள் திணிக்கிறது. குஞ்சு விழுங்காததால் அதை வெளியே இழுத்து அடுத்த வாய்க்குள் வைக்கிறது. ஊட்டி முடித்த பிறகும் பறந்துவிடாமல் தலையைச் சாய்த்துக் கூட்டுக்குள் பார்த்தபடி நிற்கிறது. சற்று நேரத்தில் குஞ்சு பின்புறத்தை உயர்த்தி, மெல்லிய உறையால் மூடிய வெள்ளை எச்சப் பையை வெளித்தள்ள, அதை அலகில் கவ்விக்கொண்டு பறவை கிளம்புகிறது. அந்த இடைவெளியில் வேறொரு பறவை வந்து சேர்ந்திருந்தால், எண்களை மட்டும் படிப்பவர் அதைப் பார்வையாளருக்காகக் காத்திருந்ததாகவே கொள்வார்.

ஊட்டுவதுபோல் பாவனை செய்து இரையைத் தானே விழுங்கும் பழக்கத்தை ஆஸ்திரேலியாவின் வெண்சிறகுச் சஃப் பறவைகளில் 1997-இல் விவரித்தபோது, அது உதவுவதாகக் குழுவினருக்குக் காட்டிக்கொள்ளும் ஏமாற்று என்றே கருதப்பட்டது. பின்னர் காகங்களிலும் வேறு இனங்களிலும் நடந்த ஆய்வுகள், குஞ்சின் பசியை அறிந்து நடந்துகொள்வதாகவும் இதை விளக்கலாம் என்று காட்டின. செம்பழுப்பு உச்சிச் சிலம்பன்களில் ஊட்டுதல் சமிக்ஞையாகச் செயல்படவில்லை என்று 2013-இல் வெளியான ஆய்வு முடிவு செய்தது. எனினும் தென்னாப்பிரிக்கக் கூட்டுத் தூக்கணாங்குருவிகளில் சமிக்ஞைக்குரிய சில இயல்புகள் தெரிந்ததாக 2007-இல் ஒரு கட்டுரை வந்திருப்பதால், கருத்தை முற்றாகத் தள்ளிவிடவும் நான் தயாரில்லை.

இப்போது எச்சப் பையை எடுத்த நொடியைத் தனியே குறிக்கிறோம். இதனால் நீண்ட காத்திருப்புகள் பலவற்றுக்குக் காரணம் புலப்பட்டுவிட்டது. மிஞ்சியவை, இரையை அலகில் வைத்தபடி அருகிலுள்ள கிளையில் இன்னொரு பறவை வரும்வரை நிற்கும் சம்பவங்கள். இவற்றையும் சமிக்ஞை என்று உடனே எழுதிவிட முடியாது. கருப்பு வெள்ளைச் சிலம்பன்களில் உதவியாளர்கள் ஒரே நேரத்தில் கூட்டுக்கு வருவது குஞ்சுகள் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுவதாக 2010-இல் காட்டப்பட்டிருப்பதால், அடுத்த பருவத்தில் இவ்வருகைகளைச் சேர்ந்து வந்தவை, தனித்து வந்தவை எனப் பிரித்தே எண்ணப்போகிறோம்.